விலைக் கணக்குக்கு எந்த முறை: நீக்கலா, பிரதியிடலா, கிராஃபா, இல்ல ஈக்வேஷனே இல்லாமலா?

ரெண்டு பொருள், ரெண்டு பில், ஒவ்வொண்ணும் என்ன விலைன்னு கண்டுபிடி. இந்த மாதிரி கணக்குக்கு எந்த முறை நல்லதுன்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, கவனிச்சுப் பாத்தா அவங்கவங்க ஸ்கூல்ல கடைசியா எது படிச்சாங்களோ அதைத்தான் சொல்லுவாங்க. நான் ரொம்ப நாளா பசங்களுக்கு கணக்கு சொல்லிக் குடுக்குறேன், என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். விலை தெரியாம ரெண்டு மொத்தம் குடுத்திருந்தா நீக்கல், அதாவது ரெண்டு பில்லையும் கழிச்சு ஒரு பொருளை ஒழிக்கிறது. ஒரு விலைய இன்னொரு விலைய வச்சு சொல்லியிருந்தா பிரதியிடல், அதாவது ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணைப் போடுறது. விலை தெரிஞ்சு எண்ணிக்கைதான் தெரியலைன்னா ஈக்வேஷனே வேணாம். ரெண்டு திட்டத்துல எது மலிவுன்னு கேட்டா மட்டும் கிராஃப். மத்ததெல்லாம் வேற வழியே இல்லாதப்ப.

முறைக்குப் போறதுக்கு முன்னாடி எழுத்து விஷயம் ஒண்ணு இருக்கு. வழக்கமா எக்ஸ், ஒய்னு வைப்பாங்க, அது டேக்கார்ட்ங்கற பிரெஞ்சு கணித மேதை 1637-ல ஆரம்பிச்சு வச்ச பழக்கம். நான் இங்க பேனாவுக்கு ப, நோட்டுக்கு ந-ன்னு போடப்போறேன். நம்ம பக்கத்துலயும் இது பழசுதான், 12-ஆம் நூற்றாண்டுல பாஸ்கராச்சாரியார் பீஜகணிதத்துல தெரியாத ராசிக்கு யா, கா, நீ-ன்னு முதல் எழுத்துதான் போட்டார், யா-ன்னா யாவத்-தாவத், அதாவது எவ்வளவோ அவ்வளவு, கா-ன்னா காலக, அதாவது கருப்பு, நீ-ன்னா நீலக, நீலம். கலர் பேரை வேரியபிளா வச்சதுல ஒரு சௌகரியம் இருக்கு, கருப்புன்னா யாரும் அதை பொருளா நினைச்சுக்க மாட்டாங்க. என்னோட ப-வுல அந்த ஆபத்து இருக்கு. ப-ன்னா பேனா இல்லீங்க, ஒரு பேனாவோட விலை. 3ப-ங்கறதை 'மூணு பேனா'ன்னு படிக்கிற பையன் கொஞ்ச நேரத்துல 3ப + 2ந = 5பந-ன்னு எழுதிட்டு உக்காந்திருப்பான், நான் எத்தனையோ தடவை பாத்திருக்கேன். அதனால நோட்டுல முதல் வரியா 'ப = ஒரு பேனாவின் விலை'ன்னு எழுதாம ஆரம்பிக்க விடமாட்டேன், பசங்க திட்டுவாங்க, பரவாயில்ல.

இது சின்னப் பசங்க பண்ற தப்புன்னு நினைக்காதீங்க. 1980 வாக்குல ஜான் கிளெமென்ட்ங்கற கல்வி ஆராய்ச்சியாளரும் அவர் கூட இருந்தவங்களும் அமெரிக்காவுல இன்ஜினியரிங் முதல் வருஷ மாணவர்கள்கிட்ட ஒரு கேள்வி குடுத்தாங்க: ஒரு ப்ரொஃபசருக்கு ஆறு மாணவர்ங்கற கணக்குல இருக்கு, ஈக்வேஷனா எழுது. மூணுல ஒரு பங்குக்கு மேல தப்பா எழுதினாங்க, மாணவர் = 6 × ப்ரொஃபசர்னு வரவேண்டிய இடத்துல 6 × மாணவர் = ப்ரொஃபசர்னு. இங்கிலீஷ் கேள்வில 'ஆறு மடங்கு மாணவர்'ங்கறது முதல்ல வரும், ப்ரொஃபசர் அப்புறம்தான்; வாக்கியத்துல வார்த்தை எந்த வரிசையில வருதோ அதே வரிசையில ஈக்வேஷன் எழுதுனா இப்படித்தான் ஆகும். விலைக் கணக்குல இதே தப்பு எப்படி வரும்னா, 'நோட்டு விலை பேனா விலைய விட 7 அதிகம்'னு இருக்கும், கை தானா ந + 7 = ப-ன்னு எழுதிடும். இப்படி எழுதிட்டா அப்புறம் நீங்க எந்த முறை போட்டாலும் தப்பு ஆன்சர்தான் வரும், என்ன, கொஞ்சம் அழகா வரும். எது விலை கூடின பொருள்னு ஒரு தடவை வாய்விட்டு சொல்லிப் பாத்துட்டு எழுதினா போதும்.

சரி, நீக்கல் முறைக்கு வருவோம். 3 பேனாவும் 2 நோட்டும் 54, 3 பேனாவும் 5 நோட்டும் 99. (எந்த நாட்டு காசுன்னு வேணா வச்சுக்கோங்க.) இதுக்கு பேப்பரே வேணாம், ரெண்டு பில்லயும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, பேனா ரெண்டுலயும் ஒண்ணுதான், நோட்டு மட்டும் 3 கூட, காசு 45 கூட, அப்ப நோட்டு 15, மீதி தானா பேனா 8. இதைத்தான் நீக்கல் முறைன்னு பேரு வச்சு நாலு ஸ்டெப்பா எழுதச் சொல்றாங்க. எனக்கு இந்த முறை ஏன் பிடிக்கும்னா ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் கடையில ஒரு அர்த்தம் இருக்கு. ஒரு ஈக்வேஷன 2-ஆல பெருக்குறதுன்னா அதே பில்ல ரெண்டு தடவை வாங்குறது. கழிக்கிறதுன்னா ஒரு கூடைல இருந்து இன்னொரு கூடைல இருக்கறதை எடுத்துடறது. பிரதியிடல்ல நடுவுல வர்ற பின்னத்துக்கு இப்படி ஒரு கதை சொல்றது கஷ்டம்.

எண்கள் ஒத்துப்போகலைன்னா? 4ப + 3ந = 77, 5ப + 2ந = 70. நோட்டை ஒழிக்கணும்னா முதல் பில்ல ரெண்டு மடங்கு, ரெண்டாவது பில்ல மூணு மடங்கு: 8ப + 6ந = 154, 15ப + 6ந = 210. கழிச்சா 7ப = 56, ப = 8, அதைப் போட்டா ந = 15. இங்க பசங்க விடுற தப்பு ரெண்டே ரெண்டு. ஒண்ணு, இடது பக்கத்த மட்டும் பெருக்கிட்டு 77-ஐ அப்படியே விட்டுடுவாங்க, பொருள் ரெண்டு மடங்கு வாங்கிட்டு காசு மட்டும் பழைய காசு குடுக்குற மாதிரி. இன்னொண்ணு, கழிக்கும்போது மைனஸ் குறி ஒரு டெர்முக்கு மட்டும் போகும், மிச்சத்துக்குப் போகாது. எதை ஒழிக்கலாம்னு முடிவு பண்றதுலயும் கொஞ்சம் நிதானம் வேணும், மீச்சிறு பொது மடங்கு எதுல சின்னதோ அதை ஒழிங்க, இங்க நோட்டுன்னா 6, பேனான்னா 20, அப்புறம் ஏன் பேனா மேல கை வைக்கணும்.

நீக்கல்லயே ஒரு ஸ்பெஷல் கேஸ் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. சுமார் 850-ல மகாவீரர்னு ஒரு ஜைன கணித மேதை கணித சார சங்கிரகம்னு ஒண்ணு எழுதினார், அதுல ஒரு விலைக் கணக்கு. ஒரு வகைப் பழம் 9, இன்னொரு வகைப் பழம் 7, சேத்து 107. அதே முதல் வகை 7, ரெண்டாவது வகை 9, சேத்து 101. தனித்தனி விலை என்ன? 9, 7 திரும்பி 7, 9-ஆ வருது பாருங்க. இதுல போய் 63-க்கு பெருக்கிட்டு நிக்காதீங்க. ரெண்டையும் கூட்டுங்க, 16 ஜோடி 208, அப்ப ஒரு ஜோடி 13. ரெண்டையும் கழிங்க, விலை வித்தியாசத்தோட ரெண்டு மடங்கு 6, அப்ப வித்தியாசம் 3. கூட்டினா 13, கழிச்சா 3, அப்ப 8-ம் 5-ம், முடிஞ்சது. மகாவீரர் குடுத்த விதி வேற மாதிரி போகும், பெரிய மொத்தத்தை பெரிய எண்ணிக்கையால பெருக்கு, சின்ன மொத்தத்தை சின்ன எண்ணிக்கையால பெருக்கு, கழி: 963 − 707 = 256. கீழ 81 − 49 = 32. 256-ஐ 32-ஆல வகுத்தா 8. கிராமர் விதிய (எண்களைக் குறுக்கா பெருக்கிக் கழிச்சு, வகுத்து, நேரா ஆன்சர் எடுக்குற விதி) பாத்தவங்களுக்கு இது எங்கயோ பாத்த முகமா தெரியும். கேப்ரியல் கிராமர் தன்னோட விதிய அச்சுல போட்டது 1750-ல.

இப்ப பிரதியிடல். இது மட்டமான முறைன்னு நான் சொல்லல, தப்பான இடத்துல போடுறாங்கன்னுதான் சொல்றேன். 'ஒரு பையோட விலை நோட்டு விலையோட மூணு மடங்கை விட 5 அதிகம், 2 பையும் 4 நோட்டும் 160'னு ஒரு கணக்கு வந்தா யோசிக்கவே வேணாம், பை = 3ந + 5-ன்னு கணக்கே பாதிய முடிச்சுக் குடுத்திடுச்சு. 2(3ந + 5) + 4ந = 160, 10ந + 10 = 160, ந = 15, பை 50. இதையே நீக்கல்ல போடணும்னா முதல்ல 3ந-வ இந்தப் பக்கம் கொண்டு வந்து வரிசைப்படுத்தணும், வீண் வேலை. ஆனா இதுல அடைப்புக்குறின்னு ஒரு கண்ணி இருக்கு, 2(3ந + 5)-ஐ 6ந + 5-ன்னு விரிச்சா 10ந + 5 = 160, ந = 15.5-ன்னு வரும். பாக்க ஒண்ணும் சந்தேகமே வராது, விலை பதினஞ்சரையா இருக்கக் கூடாதா என்ன. அதனாலதான் இந்தத் தப்பு கடைசி வரைக்கும் மாட்டாம போகுது. சரி பாக்கணும்னா கிடைச்ச விலைய கணக்கோட வாக்கியத்துலயே போட்டுப் பாக்கணும், நீங்க எழுதுன ஈக்வேஷன்ல இல்ல, ஏன்னா ஈக்வேஷனே தப்பா எழுதியிருந்தா அது தனக்குத் தானே ஆமாம் போடும். இங்க பை 3 × 15.5 + 5 = 51.5, ரெண்டு பை 103, நாலு நோட்டு 62, மொத்தம் 165. 160 எங்க, 165 எங்க.

ஆனா நம்ம பழைய 4ப + 3ந = 77, 5ப + 2ந = 70-ஐயே பிரதியிடல்ல போட்டா என்ன ஆகுதுன்னு பாருங்க. ந = (77 − 4ப)/3. ரெண்டாவதுல போட்டு 3-ஆல பெருக்கினா 15ப + 154 − 8ப = 210, அதாவது 7ப = 56. அட, அதே 154, அதே 210, அதே 7, அதே 56! கிராமர் விதில போனாலும் கீழ 4×2 − 3×5 = −7, மேல 77×2 − 3×70 = 154 − 210 = −56, வகுத்தா 8. மூணு முறையும் ஒரே வழிலதான் நடக்குது, வெளிய போட்டிருக்குற சட்டைதான் வேற. இதைப் பாத்தப்புறம்தான் எந்த முறை 'சரி'ன்னு சண்டை போடுறத விட்டேன். கையில எழுதும்போது எங்க தப்பு வர வாய்ப்பு கம்மி, அதுதான் கேள்வி. பிரதியிடல்ல பின்னம் நடுவுலயே வந்துடும், நீக்கல்ல கடைசி வகுத்தல் வரைக்கும் முழு எண்ணாவே போகும். இந்த ஒரு காரணத்துக்காகத்தான் ரெண்டு மொத்தம் குடுத்த கணக்குக்கு நான் நீக்கல் பக்கம்.

குறுக்குப் பெருக்கல் முறைன்னு ஒண்ணு ஸ்கூல்ல வரும். அதுவும் கிராமர் விதிதான், ஆனா எல்லாத்தையும் ஒரு பக்கம் கொண்டு வந்து = 0-ன்னு எழுதிட்டு ஆரம்பிக்கணும், அங்கயே 77 போய் −77 ஆகும், அதை ஒருத்தர் மறப்பாங்க, அப்புறம் அம்புக்குறி போட்டு எந்த எண்ணு எந்த எண்ணோடன்னு மனப்பாடம் வேற. எனக்கு இது சுத்தமா பிடிக்காது. எக்ஸாம்ல 'இந்த முறையில் தீர்க்க'ன்னு கேட்டா போடுங்க, மத்தபடி நல்லா தூங்குங்க. கிராமர் விதிக்கு மட்டும் ஒரு இடம் விட்டு வைக்கலாம், எண்ணெல்லாம் 17.35, 48.9-ன்னு கோணக்கோணையா இருந்து கையில கால்குலேட்டரும் இருந்தா மூணு பெருக்கல்-கழித்தல், ரெண்டு வகுத்தல், ஆன்சர்.

அடுத்தது ஈக்வேஷனே இல்லாத வழி, இதை யாரும் மதிக்கறதில்ல. மொத்தம் 40 டிக்கெட், பெரியவங்களுக்கு 60, குழந்தைக்கு 35, வசூல் 1775, பெரியவங்க எத்தனை பேர்? ரெண்டு ஈக்வேஷன் எழுதலாம், தப்பில்ல. ஆனா 40 பேரும் குழந்தைங்கன்னு வச்சுக்கோங்க, வசூல் 1400தான் வந்திருக்கணும், 375 கூட வந்திருக்கு, ஒவ்வொரு பெரியவரும் 25 கூடக் குடுத்திருக்காங்க, 375-ல எத்தனை 25, பதினஞ்சு. மிச்சம் 25 குழந்தைங்க. பத்து வயசுப் பிள்ளைக்குக் கூட புரியும். விலை ரெண்டும் தெரிஞ்சு, மொத்த எண்ணிக்கையும் தெரிஞ்சா இதை விட வேகமான வழி எனக்குத் தெரியாது. ஒரே குறை, விலை தெரியாத கணக்குக்கு இது ஒத்து வராது, மொத்த எண்ணிக்கை சொல்லலைன்னாலும் ஒத்து வராது, அந்த எல்லைய பிள்ளைங்களுக்கு சொல்லலைன்னா எல்லாத்துக்கும் இதையே போட்டு மாட்டிப்பாங்க.

இதுக்கு அண்ணன் தம்பி முறையில ஒரு பழைய சீனக் கணக்கு இருக்கு. ஒன்பது அத்தியாயங்கள்னு சொல்ற சீன கணித நூல் சுமார் ரெண்டாயிரம் வருஷப் பழசு, லியூ ஹுய் அதுக்கு உரை எழுதினது 263-ல. அதோட ஏழாவது அத்தியாயத்துல முதல் கணக்கு: சில பேர் சேந்து ஒரு பொருள் வாங்குறாங்க, ஆளுக்கு 8 போட்டா 3 மிஞ்சுது, ஆளுக்கு 7 போட்டா 4 குறையுது, எத்தனை பேர், விலை என்ன? ஆளுக்கு ஒண்ணு கூடப் போட்டதும் 4 குறைவுல இருந்து 3 மிச்சத்துக்கு வந்துடுச்சு, அதாவது 7 கூடிடுச்சு, அப்ப 7 பேர், விலை 53. எத்தனை பேருங்கறதை ம-ன்னு வச்சு ஈக்வேஷனா எழுதினா விலை = 8ம − 3, விலை = 7ம + 4, ரெண்டும் ஒரே விலைங்கறதால நேரா சமப்படுத்திடலாம். ரெண்டு வாக்கியமும் ஒரே விஷயத்தை 'இது இவ்வளவு'ன்னு சொன்னா நீக்கலும் வேணாம் ஒண்ணும் வேணாம், ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு சமன்னு எழுதினாப் போதும், பிரதியிடலோட சுருக்கு வழி.

கிராஃப் பத்தி. அதே நூலோட எட்டாவது அத்தியாயத்துல மாடும் ஆடும் விலை கேக்குற கணக்கு ஒண்ணு இருக்கு: 5 மாடு 2 ஆடு சேத்து 10 தங்கம், 2 மாடு 5 ஆடு சேத்து 8 தங்கம். மாட்டு விலை 1-உம் 21-ல 13-உம், ஆட்டு விலை 21-ல 20. இதை கிராஃப் ஷீட்ல கோடு வரைஞ்சு 13/21-ன்னு கண்ணால படிச்சுச் சொல்லுங்க பாப்போம். கோடு கொஞ்சம் தடிமனா இருந்தாலே போச்சு. (மகாவீரர் கணக்கு மாதிரியே இதுலயும் எண்ணு திரும்பி வருது, கூட்டி கழிச்சாலே வந்துடும்: ஜோடி 18/7, வித்தியாசம் 2/3.) அதனால சரியான விலை வேணும்னா கிராஃப் உதவாது.

ஆனா கேள்வி வேற மாதிரி இருக்கும்போது கிராஃபை அடிச்சுக்க ஆளே இல்ல. ஒரு பிரிண்டிங் வேலை, முதல் இடத்துல ஆரம்பச் செலவு 200, அப்புறம் காப்பிக்கு 3, ரெண்டாவது இடத்துல ஆரம்பச் செலவு இல்ல, காப்பிக்கு 5. நீக்கல் போட்டா 100 காப்பி, 500-ன்னு ஒரு புள்ளிய மட்டும் குடுத்துட்டுப் போயிடும். நமக்கு வேணுங்கறது அந்தப் புள்ளி இல்ல, நான் 60 காப்பி எடுத்தா எது, 300 எடுத்தா எதுன்னுதான். ரெண்டு கோடு வரைஞ்சா 100-க்கு இந்தப் பக்கம் ரெண்டாவது இடம் கீழ இருக்கு, அந்தப் பக்கம் முதல் இடம் கீழ இருக்கு, போகப்போக இடைவெளி எவ்வளவு விரியுதுன்னும் தெரியுது. 60-க்கு ரெண்டாவது இடம் 300, முதல் இடம் 380; 300-க்கு ரெண்டாவது இடம் 1500, முதல் இடம் 1100. புள்ளிய நீக்கல்ல கண்டுபிடிச்சு, படத்தை கையால கிறுக்கலா வரைஞ்சா போதும், ஸ்கேல் கூட வேணாம்.

மூணு பொருள் மூணு பில்லுன்னா கையில செய்ய நீக்கல் ஒண்ணுதான் வழி, ஒண்ணை ஒழிச்சு ரெண்டாக்கு, ரெண்டை ஒண்ணாக்கு. கிராமர்ல போனா மூணுக்கு மூணு டிட்டர்மினண்ட் (கட்டமா எழுதின எண்களைக் குறுக்கா பெருக்கிக் கூட்டிக் கழிக்கிற கணக்கு) நாலு போடணும், கிராஃபுக்கு முப்பரிமாணம் வேணும், பிரதியிடல்ல பின்னத்துக்குள்ள பின்னம். அந்தச் சீன நூல்ல குச்சிகளை கட்டம் கட்டமா அடுக்கி இதே நீக்கலைத்தான் செஞ்சாங்க, இப்ப அதுக்கு காஸ்ங்கற ஜெர்மன் கணித மேதையோட பேரு வந்திருக்கு. பில்லு ஒண்ணு குறைஞ்சா மட்டும் கதை மாறும். சேவல் 5, கோழி 3, குஞ்சு மூணு சேந்து 1, நூறு காசுக்கு நூறு உருப்படிங்கற பழைய கணக்குல மூணு தெரியாதது, ரெண்டே ஈக்வேஷன். குஞ்சை நீக்கினா 7 × சேவல் + 4 × கோழி = 100, அதுக்கு மேல எந்த முறையும் நகராது. உருப்படி முழு எண்ணாத்தான் இருக்கணும்ங்கறதை வச்சு போட்டுப் பாத்துதான் கண்டுபிடிக்கணும், சேவல் 4-ன் மடங்கா இருக்கணும்னு தெரிஞ்சதும் 4, 8, 12 அவ்வளவுதான் (சேவலே வேணாம்னா 0-வும்). போட்டுப் பாக்குறதை கேவலமா நினைக்கிறவங்களுக்கு இந்தக் கணக்கை ஒரு தடவை குடுக்கணும்.

கடைசியா, முறைய வச்சு பில்லையே சந்தேகப்படுற ஒரு கேஸ். 2ப + 3ந = 61, 4ப + 6ந = 122. ரெண்டாவது பில் முதல் பில்லோட ரெண்டு மடங்கு, புதுசா ஒண்ணுமே சொல்லல, நீக்கினா 0 = 0, விலை தனியா தெரியவே தெரியாது. அதே இடத்துல 4ப + 6ந = 118-ன்னு இருந்தா 0 = 4-ன்னு வரும். கிராமர்ல கீழ பூஜ்யம் வந்து நின்னுடும், ரெண்டு கேஸுக்கும் அதே பூஜ்யம்தான், எதுன்னு பாக்க மேல இருக்கறதையும் கணக்குப் போடணும். கிராஃப்ல 122-க்கு ரெண்டும் ஒரே கோடாயிடும், 118-க்கு ரெண்டு கோடும் சேராமலே போகும். நீக்கல்தான் வித்தியாசம் 4-ன்னு தொகையையே எடுத்துக் குடுக்குது. பாடத்துல 'தீர்வு இல்லை'ன்னு எழுதி மார்க் வாங்கிடலாம். நிஜத்துல அப்படி ஒரு பில் வந்துச்சுன்னா ரெண்டு மடங்கு வாங்கினதுக்கு 4 டிஸ்கவுண்ட் போட்டிருக்காங்கன்னு அர்த்தம், இல்லைன்னா யாரோ கூட்டல்ல கோட்டை விட்டிருக்காங்க, பில்ல திருப்பிப் பாருங்க, பின்னாடி எங்கயாவது சின்ன எழுத்துல இருக்கும்.